கணக்கில் மூட்டிய கனல்: ஜான் வான் நியூமன் வரலாறு

மிளகளவே உள்ள ஓர் உருண்டை. அதனுள்ளே டியூட்டிரியம், டிரிட்டியம் என்னும் இருவகைக் கன ஹைட்ரஜன் பனியாக உறைந்து ஒட்டியிருக்கிறது. நாற்புறமிருந்தும் லேசர்க் கதிர்கள் அதன்மீது பாய்கின்றன. மேற்றோல் ஆவியாகி வெளியே சீற, அந்த உந்தலினால் உள்ளிருக்கும் எரிபொருள் நடுவை நோக்கி நசுங்குகிறது. ஈயத்தைப் போல் 25 மடங்குக்கும் மேலான அடர்த்தியை அடைகிறது. அந்த வேளை பார்த்து, மற்றொரு லேசர் எலெக்ட்ரான்களை ஒரு கற்றையாகக் கிளப்பி அதன் ஒரு முனையில் ஏவுகிறது. தீக்குச்சி கிழித்தாற்போல் அந்த இடத்தில் கனல் பற்றி, எரிபொருள் முழுவதும் பரவுகிறது. கதிரவனின் நடுவே ஓயாமல் நடந்துவரும் அணுக்கரு இணைவு, ஒரு மிளகுக்குள் நடந்து முடிகிறது.

இப்படி எலெக்ட்ரான் கற்றையால் மூட்டிய நெருப்பு எந்த ஆய்வுக்கூடத்திலும் இன்னும் முழுமையாக மூண்டதில்லை. ஆனால் கணிப்பொறிக்குள் அது பலமுறை மூண்டிருக்கிறது. பலமுறை அணைந்தும் போயிருக்கிறது. எத்தனை எலெக்ட்ரான்கள் வேண்டும், எவ்வளவு விரைவில் வேண்டும், எங்கே சென்று நிற்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் முதலில் எண்களைக் கொண்டே கண்டறிகிறார்கள். பொருளைத் தொடாமல் எண்களால் சோதனை நடத்தும் இக்கலையை வளர்த்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் ஜான் வான் நியூமன். முதல் லேசர் 1960-இல் ஒளிவிட்டது. அவரோ 1957-இலேயே மறைந்துவிட்டார். கண்ணால் காணாத ஒரு கருவியின் கணக்குக்கு அவருடைய முறைகள் இன்று எப்படி அடித்தளமாயின? அதை அறிய அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பதே தக்கது.

புடாபெஸ்டில் ஒரு பிள்ளை

ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள், வசதி மிக்க ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை மிக்ஸா வங்கித் தொழிலில் உயர்ந்தவர், தாய் மார்கிட். பிள்ளைக்கு அவர்கள் இட்ட பெயர் யானோஷ். மூன்று ஆண் மக்களில் அவரே மூத்தவர். 1913-இல் தந்தைக்கு உயர்குடிப் பட்டம் கிடைத்தது. பெயருக்கு நடுவே நிற்கும் ‘வான்’ என்னும் சொல் அந்தப் பட்டத்தின் வழியாக வந்ததுதான்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது அவர் வகையில் முற்றிலும் பொருந்தியது. படித்ததை மறவாத நினைவாற்றலும், பெரிய எண்களை மனத்திலேயே கையாளும் திறனும் இளமையிலேயே அவரிடம் இருந்தன. லூதரன் உயர்பள்ளியில் கணித ஆசிரியராக விளங்கிய லாஸ்லோ ராட்ஸ் இந்தச் சிறுவனைக் கண்டதும், பள்ளிப் பாடம் இவனுக்குப் போதாது என்று உணர்ந்து, பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் தனியே பயில ஏற்பாடு செய்தார். மாணவனின் திறமை தம் அளவைக் கடந்தது என்று கண்டவுடன் பொறாமை கொள்ளாமல் வழிவிட்ட அந்த ஆசிரியரை நாம் மறந்துவிடக் கூடாது. பிற்காலத்தில் இயற்பியலில் நோபெல் பரிசு பெற்ற யூஜின் விக்னர், அதே பள்ளியில் வான் நியூமனுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர்.

1919-இல் ஹங்கேரியில் பேலா குன் தலைமையில் சில திங்கள் பொதுவுடைமை ஆட்சி நடந்தது. அப்போது அக்குடும்பம் நாட்டைவிட்டு ஆஸ்திரியாவுக்குச் சென்று தங்க நேர்ந்தது. பதினைந்து வயதுச் சிறுவன் உள்ளத்தில் அன்று பதிந்த அச்சமும் வெறுப்பும் பின்னாளில் அவருடைய அரசியல் கருத்துகளில் ஆழமாக வேரோடின.

கணிதம் சோறு போடாது என்று எண்ணும் தந்தையர் எந்த நாட்டிலும் உண்டு. மிக்ஸாவும் அவ்வாறே கருதினார். தந்தையின் விருப்பத்துக்காக வேதியியற் பொறியியலும், தம் விருப்பத்துக்காகக் கணிதமும் என்று இரண்டையும் ஒருசேரப் படித்தார் மகன். பெர்லினிலும் பின்னர் ஸூரிச்சிலும் வேதியியல் பயின்று, 1926-இல் பொறியியற் பட்டயம் பெற்றார். அதே ஆண்டில் புடாபெஸ்டில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22.

ஏட்டிலிருந்து உலகுக்கு

அதன்பின் கோட்டிங்கனில் ஹில்பெர்ட் என்னும் பெருங்கணித அறிஞரின் அருகே இருந்து உழைத்தார். 1928-இல், இருவர் ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தமக்கு நேரக்கூடிய பெருங்கேட்டை எவ்வாறு சிறிதாக்கிக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு தேற்றம் நிறுவினார். அதுவே வளர்ந்து, 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலாயிற்று. பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதை அறிவார்கள். 1932-இல் குவாண்டம் இயக்கவியலுக்குக் கணித அடிப்படை வகுத்து நூல் எழுதினார்.

1930-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகருக்கு வந்தார். 1933-இல் அங்கே உயர் ஆய்வு நிலையம் தொடங்கியபோது, ஐன்ஸ்டீன் முதலியோரோடு முதற் பேராசிரியர்களுள் ஒருவராக அமர்ந்தார். 1937-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். முதல் மனைவி மாரியெட். அவர்களுக்கு 1935-இல் மரீனா என்னும் மகள் பிறந்தாள். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. 1938-இல் புடாபெஸ்டைச் சேர்ந்த கிளாராவை மணந்தார். இவ்வம்மையாரின் பெயர் இவ்வரலாற்றில் மறுபடியும் வரும்.

பிரின்ஸ்டனில் அவர் வெறும் ஏட்டுக் கணிதராக மட்டும் இருக்கவில்லை. நம் சுப்பிரமணியன் சந்திரசேகருடன் சேர்ந்து 1942-இலும் 1943-இலும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும் விண்மீன்களினால் ஓரிடத்தில் ஏற்படும் ஈர்ப்பு விசை நொடிக்கு நொடி எப்படி மாறும் என்பதே அவற்றின் பொருள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று சென்ற தமிழரும், புடாபெஸ்டிலிருந்து வந்த ஹங்கேரியரும் அமெரிக்க மண்ணில் ஒன்றாக அமர்ந்து விண்மீன்களுக்குக் கணக்குப் பார்த்தார்கள். தனித்தனியே பின்தொடர முடியாத கோடிக்கணக்கான பொருள்களைத் தற்செயல் விதிகளால் அளக்கலாம் என்ற எண்ணம் அங்கேயும் இருந்தது என்பதை நினைவில் வைப்போம்.

போரும் நசுக்கமும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. வெடிப்பு, அதிர்ச்சி அலை ஆகியவற்றின் கணிதத்தில் வான் நியூமன் தேர்ந்தவரானார். 1943-இல் அணுகுண்டு செய்துகொண்டிருந்த லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடம் அவரை ஆலோசகராக அழைத்தது.

அங்கே இருந்த சிக்கல் இது: புளூட்டோனியத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் உள்நோக்கி நசுக்க வேண்டும். ஒரு பக்கம் சற்று முந்தினாலும், கையில் பிழிந்த பழம் விரலிடுக்கில் பிதுங்குவதுபோல் அது பிதுங்கிவிடும். வெடிமருந்தை வில்லைகளைப் போல் வடிவமைத்து அலையைக் குவிக்கும் முறையிலும், அதன் கணக்கிலும் வான் நியூமனின் பங்கு பெரிது. 1945 ஜூலை 16-ஆம் நாள் நியூ மெக்ஸிகோப் பாலைவனத்தில் அது வெடித்துக் காட்டப்பட்டது. ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகியின்மேல் விழுந்தது. எந்த நகரங்களைத் தாக்குவது என்று ஆராய்ந்த குழுவிலும் வான் நியூமன் இருந்தார். எவ்வளவு உயரத்தில் வெடித்தால் எவ்வளவு அழிவு நேரும் என்ற கணக்குகளையும் மேற்பார்த்தார்.

இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. லேசர் உருண்டையை நசுக்கும் கணக்கும், புளூட்டோனியத்தை நசுக்கும் கணக்கும் ஒரே கணிதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விளக்குக்குத் தேடும் நெருப்பின் கணிதம் அழிவுக்குத் தேடிய நெருப்பிலிருந்தே வந்தது.

ரயில் நிலையத்தில் பிறந்த செய்தி

1944-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், அபெர்டீன் ரயில் நிலைய மேடையில் வான் நியூமன் வண்டிக்காகக் காத்திருந்தார். ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்னும் இளம் இராணுவ அதிகாரி, தாமும் கணிதம் படித்தவராகையால், அவரை அணுகிப் பேச்சுக் கொடுத்தார். பிலடெல்பியாவில் எனியாக் என்ற மின்னணுக் கணிப்பொறி ஒன்று உருவாகிவருவதைப் பேச்சுவாக்கில் சொன்னார். அவ்வளவுதான்! அதுவரை இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

எனியாக் ஏறத்தாழ 30 டன் எடையும், 17,000-க்கும் மேற்பட்ட வெற்றிடக் குழாய்களும் கொண்ட பெரும்பொறி. ஆனால் புதிய கணக்கு ஒன்றைப் போட வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும், நாட்கணக்கில் வேலை. கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். இக்கருத்தைத் தெளிவாக விளக்கி 1945 ஜூனில் ஓர் அறிக்கை எழுதினார் வான் நியூமன். அவ்வறிக்கையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. எனியாக்கைப் படைத்த எக்கர்ட், மாக்லி ஆகிய இருவரும் அதனால் மனம் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. கருத்து பலருடையது, அதைக் கணிதமாக நிறுத்திக் காட்டியது அவருடைய பேனா.

எரியும் என்றது பொறி

எனியாக்குக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட பெரிய கணக்கு எது தெரியுமா? 1945 டிசம்பரில், ஹைட்ரஜன் குண்டின் எரிபொருள் பற்றிக்கொள்ளுமா என்பதைப் பற்றிய கணக்கு. அதை அப்பொறிக்குக் கொண்டுவரத் தூண்டியவர் வான் நியூமனே. பொறியின் நினைவகம் மிகச் சிறியதாகையால், பல இயற்பியல் விளைவுகளை விட்டுவிட்டு எளிமையாக்கிய கணக்கையே போட முடிந்தது. விடை நம்பிக்கையூட்டியது. 1946-இல் கூடிய அறிஞர்கள் குண்டு செய்யக் கூடும் என்றே முடிவு கட்டினர்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1950-இல், ஸ்டானிஸ்லாவ் உலாம், கார்னீலியஸ் எவரெட் என்னும் இருவர் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்து, அந்த அமைப்பு எரியாது என்றனர். பின்பு எனியாக்கில் விரிவான கணக்கை வான் நியூமனின் குழுவினர் போட்டனர். அதுவும் எரியாது என்றே விடை தந்தது. அக்குண்டு வேண்டும் என்று விரும்பியவர்களுள் வான் நியூமனும் ஒருவர். ஆயினும் தம் விருப்பத்துக்கு மாறாக வந்த எண்ணை அவர் தள்ளிவிடவில்லை. முதலில் நசுக்கிப் பின்பு எரிப்பது என்ற புதிய வழியை 1951-இல் உலாமும் டெல்லரும் கண்டனர்; 1952 நவம்பர் 1-ஆம் நாள் அது பசிபிக் தீவொன்றில் வெடித்தது.

குண்டின் நன்மை தீமையை விட்டுவிட்டுக் கணக்கின் பாடத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். விட்டுவிட்டதைப் பற்றிக் கணிப்பொறி நம்மை எச்சரிக்காது. நாம் எதைச் சேர்த்தோமோ அதற்கு மட்டுமே அது விடை சொல்லும்.

சூதாட்டமும் அலையும்

வான் நியூமன் விட்டுச் சென்ற முறைகள் பல. லேசர் எரிபொருட் கணக்குக்கு இன்றியமையாதவை இரண்டு.

முதலாவது, மான்டி கார்லோ முறை. 1946-இல் நோயிலிருந்து தேறிவந்த உலாம், பொழுது போக்கச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சூத்திரத்தால் காண்பது கடினம். நூறு முறை ஆடி, எத்தனை முறை வென்றோம் என்று எண்ணிவிடலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. இதைக் கேட்ட வான் நியூமன், 1947 மார்ச்சில் ராபர்ட் ரிக்ட்மையருக்கு எழுதிய கடிதத்தில், நியூட்ரான்களின் போக்கைப் பொறியில் இவ்வாறு கணக்கிடும் வழியை விரிவாக வகுத்துத் தந்தார். ஒரு நியூட்ரான் எவ்வளவு தூரம் செல்லும், எதில் மோதும், எப்பக்கம் திரும்பும் என்பதையெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் தாயம் உருட்டுவதுபோல் முடிவு செய்துகொண்டே போவது. இப்படிப் பல நியூட்ரான்களின் வாழ்க்கையை எழுதிச் சராசரி காண்பது. 1948-இல் இது எனியாக்கில் ஓடியது. அதற்கான கட்டளைகளை எழுதி உழைத்தவர்களுள் முதன்மையானவர் கிளாரா வான் நியூமன். கணித மேதையின் மனைவி என்று மட்டும் அவரைக் குறிப்பிடுவது குறையாகும். உலகின் முதல் நிரலாளர்களுள் அவரும் ஒருவர்.

இரண்டாவது, 1950-இல் ரிக்ட்மையருடன் சேர்ந்து வெளியிட்ட முறை. அதிர்ச்சி அலையின் முகப்பு மிக மெல்லியது. பொறியில் கணக்கிடுவதற்காகப் பொருளைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்தால், அலையின் முகப்பு ஒரு கட்டத்தைவிடச் சிறியதாகி இடுக்கில் ஒளிந்துகொள்ளும்; கணக்கு தாறுமாறாகிவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி வேடிக்கையானது. பொருளுக்கு இல்லாத ஒரு பாகுநிலையைக் கணக்கில் வேண்டுமென்றே சேர்த்தார்கள். வெல்லப்பாகு கலந்த நீர்போல் அலையின் முகப்பு சிறிது தடித்து, மூன்று நான்கு கட்டங்களுக்குப் பரவி நிற்கும், கணக்கு தடுமாறாது. முகப்பின் தடிமன் பொய். ஆனால் அலை கடந்த பின் உள்ள அழுத்தம், வேகம், ஆற்றல் ஆகியவை மெய். எந்தப் பொய்யை அனுமதிக்கலாம், எதை அனுமதிக்கலாகாது என்று தெரிந்து செய்வதே கணக்குக் கலையின் நுட்பம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடையாது.

1950-இல் சார்னி முதலியோருடன் சேர்ந்து எனியாக்கில் வானிலையையும் கணக்கிட்டார். அடுத்த 24 மணி நேர வானிலையைச் சொல்லப் பொறிக்கும் ஏறத்தாழ 24 மணி நேரம் பிடித்தது! ஆயினும் வழி திறந்துவிட்டது.

பிரின்ஸ்டனிலேயே அவர் கட்டுவித்த கணிப்பொறி 1952-இல் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் நினைவகம் 40 இலக்கங்கள் கொண்ட 1,024 சொற்கள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சிறு படத்துக்கும் அது போதாது. அதன் அமைப்பை அவர் பூட்டிவைக்கவில்லை. கேட்ட நாடுகளுக்கெல்லாம் விளக்கங்கள் சென்றன. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் இளம் பொறியாளர்கள் கட்டிய டிஃப்ராக் கணிப்பொறியும் அந்தப் பிரின்ஸ்டன் அமைப்பைத் தழுவியதே. 2,048 சொற்கள் கொள்ளும் நினைவகத்துடன் 1960-இல் அது பணிக்கு வந்தது. இந்தியாவில் கணிப்பொறி படிக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் அவ்வகையில் பிரின்ஸ்டனுக்குக் கடன்பட்டவர்களே.

கணக்குக்கு அடங்காதவை

பழகுவதற்கு இனியவர் வான் நியூமன். விருந்தும் வேடிக்கைப் பேச்சும் விரும்பியவர். கார் ஓட்டுவதில் மட்டும் கவனமற்றவர். நண்பர் ஆப்பன்ஹைமரின் நாட்டுப்பற்று 1954-இல் விசாரணைக்கு உள்ளானபோது, கருத்து வேறுபாடு இருந்தும், அவருக்கு ஆதரவாகவே சாட்சி சொன்னார். அதே மனிதர்தாம், சோவியத் நாட்டோடு போர் எப்படியும் வரும், ஆகவே காத்திராமல் முந்தித் தாக்குவதே அறிவு என்று 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கருதியவர். அவர் தவிர்க்க முடியாதது என்று எண்ணிய அந்தப் போர் வரவே இல்லை. ஆட்டக் கோட்பாட்டை வகுத்தவரின் அந்தக் கணக்குப் பொய்த்தது உலகத்தின் நற்பேறு. சிறு வயதில் ஏற்பட்ட அச்சத்தை அவர் கணக்கில் சேர்க்கத் தவறினார் போலும்.

1955-இல் அமெரிக்க அணு ஆற்றல் ஆணையத்தின் உறுப்பினராகப் பதவியேற்றார். அவ்வாண்டிலேயே எழுதிய ஒரு கட்டுரையில், தொழில்நுட்பத்தின் வளர்ச்சியில் மனித இனம் தப்பிப் பிழைக்குமா என்று ஆராய்ந்தார். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வரும் கரியமில வாயு உலகைச் சூடாக்குவதை அப்போதே குறிப்பிட்டார். அணுக்கரு ஆற்றல் வளர்ந்து, சில பத்தாண்டுகளில் ஆற்றல் காற்றைப் போல் அளவின்றிக் கிடைக்கக்கூடும் என்றும் எதிர்பார்த்தார். ஆபத்துக்கு ஆயத்தச் சூத்திரம் எதுவும் இல்லை, அன்றாடம் பொறுமையோடும் அறிவோடும் முடிவெடுப்பதே வழி என்பது அவர் கண்ட முடிவு.

அவ்வாண்டிலேயே அவருக்குப் புற்றுநோய் கண்டது. 1956-இல் ஐஸன்ஹோவர் அளித்த விடுதலைப் பதக்கத்தைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி பெற்றார். மருத்துவமனைப் படுக்கையில், நோய் மூளையைத் தொட்டபோது, தம் அறிவு தம்மைவிட்டுப் போவதை அவரே உணர்ந்தார். எளிய கூட்டல் கணக்குகளைத் தம்மிடம் கேட்குமாறு மகள் மரீனாவை வேண்டினார். ஏழும் நான்கும் எவ்வளவு என்பது போன்ற கேள்விகள். சில நிமிடங்களுக்கு மேல் அதைத் தாங்க முடியாமல் மகள் அறையைவிட்டு வெளியேறினாள். 1957 பிப்ரவரி 8-ஆம் நாள் வாஷிங்டனில் அவர் உயிர் பிரிந்தது. வயது 53. மூளையையும் கணிப்பொறியையும் ஒப்பிட்டு அவர் எழுதத் தொடங்கிய நூல் முற்றுப்பெறாமலேயே 1958-இல் வெளிவந்தது.

மறைவுக்குப் பின்

குறைகடத்தியில் ஒளியைப் பெருக்கலாம் என்று 1953-இல் ஒரு குறிப்பு எழுதி டெல்லருக்கு அனுப்பியிருந்தார் வான் நியூமன். லேசரின் கருத்தை அவ்வளவு அருகில் சென்று தொட்டவர் அதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1960-இல் மைமன் முதல் லேசரைச் செய்தார். லேசரால் எரிபொருளை நசுக்கி எரிக்கும் கணக்குகளை ஜான் நக்கோல்ஸ் முதலியோர் 1972-இல் வெளியிட்டனர். நசுக்குவதிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது அம்முறை. டீசல் எந்திரத்தைப் போன்றது. 1994-இல் மாக்ஸ் டபாக் முதலியோர் மற்றொரு வழி சொன்னார்கள். நசுக்குவது ஒரு லேசர். பற்றவைப்பது வேறொரு லேசர் கிளப்பும் எலெக்ட்ரான் கற்றை. இது பொறி தட்டி எரிக்கும் பெட்ரோல் எந்திரத்தைப் போன்றது.

கணிப்பொறி சொன்ன அளவுகள் வியப்பூட்டுவன. கன சென்டிமீட்டருக்கு 300 கிராம் அடர்த்தியுள்ள எரிபொருளில், ஏறத்தாழ 20 கிலோ ஜூல் ஆற்றலை, ஒரு மில்லி மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு ஆரமுள்ள இடத்தில் கொட்ட வேண்டும். 20 கிலோ ஜூல் என்பது ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட சர்க்கரையில் உள்ள ஆற்றல்தான். ஆனால் அதைக் கொட்டி முடிக்க இருக்கும் நேரமோ, ஒளி 6 மில்லி மீட்டர் செல்லும் நேரம்! கற்றை சிறிதும் சிதறாமல் சென்றால்தான் இந்த அளவு போதும்.

இங்கேதான் பழைய முறைகள் மீண்டும் வருகின்றன. உருண்டை நசுங்கும்போது எழும் அதிர்ச்சி அலைகளைக் கணக்கிடச் செயற்கைப் பாகுநிலை உதவுகிறது. எலெக்ட்ரான்கள் அடர்ந்த எரிபொருளில் முட்டி மோதி, திசை மாறி, ஆற்றலை இழப்பதைப் பின்தொடர மான்டி கார்லோ முறை உதவுகிறது. அன்று நியூட்ரானுக்கு உருட்டிய தாயத்தை இன்று எலெக்ட்ரானுக்கு உருட்டுகிறார்கள்.

சிக்கலும் அங்கேதான். லேசர் கிளப்பும் எலெக்ட்ரான்கள் நேராகச் செல்லாமல் விசிறிபோல் விரிகின்றன. சில அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் எரிபொருளைத் துளைத்துக்கொண்டு அப்பால் போய்விடுகின்றன. கற்றை தானே உண்டாக்கும் காந்தப்புலம் அதையே வளைக்கிறது. ஜப்பானில் ஒசாகா அறிஞர்கள் பொற்கூம்பு ஒன்றை உருண்டையில் செருகி, அதன் வழியே லேசரைச் செலுத்தி, 2001, 2002 ஆண்டுகளில் எரிபொருள் சூடேறுவதைக் காட்டினார்கள். சூடேற்றம் கண்டார்கள்; எரிவு காணவில்லை.

முதல் வழியிலும் பாடம் கிடைத்தது. அமெரிக்காவில் 192 லேசர்க் கற்றைகளுடன் 2009-இல் கட்டி முடித்த தேசியப் பற்றவைப்புக் கூடத்தில், எரியும் என்று கணிப்பொறிகள் சொல்லியிருந்தன. 2012 வரை முயன்றும் எரியவில்லை. அறிஞர்கள் எண்களைப் பழிக்கவில்லை. எதை விட்டுவிட்டோம் என்று தேடினார்கள். உருண்டையைத் தாங்கும் மெல்லிய தோல், எரிபொருள் நிரப்பும் நுண்குழாய், நசுக்கத்தில் நேரும் சிறு கோணல் என ஒவ்வொன்றாகக் கண்டு திருத்தினார்கள். 2022 டிசம்பர் 5-ஆம் நாள், 2.05 மெகா ஜூல் லேசர் ஒளி உள்ளே சென்று, 3.15 மெகா ஜூல் இணைவு ஆற்றல் வெளிவந்தது. அந்த லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்ததோ ஏறத்தாழ 300 மெகா ஜூல். அவர் எதிர்பார்த்த, காற்றைப் போன்ற ஆற்றல் இன்னும் வரவில்லை.

1946-இல் எரியும் என்றது பொறி. 1950-இல் எரியாது என்றது. 2012-க்கு முன் எரியும் என்றது, எரியவில்லை, பின்பு எரிந்தது. இவற்றில் கணிப்பொறி ஒருமுறையும் பொய் சொல்லவில்லை. கேட்டவர்கள் கேட்ட அளவுக்கு அது விடை சொல்லிற்று. அறியாமையால் விட்டுவிடுவது ஒன்று. தெரிந்தே ஒரு பொய்யைச் சேர்த்து அதன் எல்லையை அறிந்து நிற்பது வேறொன்று. இரண்டாவதை உலகுக்குக் கற்பித்தவர் வான் நியூமன்.

நம்மில் பொறியியல் படிப்போர் பலர் நாளை கணிப்பொறியின் முன் அமர்ந்து, பாலத்தையோ மருந்தையோ வானிலையையோ எண்களால் சோதிக்கப் போகிறோம். திரையில் வண்ணப் படமாக விடை வந்ததும் நம்பிவிடத் தோன்றும். அப்போது நாம் கேட்க வேண்டியவை இரண்டு: இதில் எதை விட்டுவிட்டோம்? இவ்விடையைக் கொண்டு என்ன செய்யப் போகிறோம்? முதற் கேள்விக்கு வான் நியூமனைப் போல் விடை கண்டவர் அரியர். இரண்டாவது கேள்விக்கு அவருடைய வாழ்க்கை ஒரு விடையாகவும் இருக்கிறது, ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கிறது. அதைச் சொல்லும் சூத்திரம் அவர் கையிலும் இல்லை. அதை நாமேதான் ஒவ்வொரு நாளும் கண்டுகொள்ள வேண்டும்.